சிலுவை தெரியவில்லை

அன்பு மகன் ஈவனுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். நானும் அப்பாவும் சுகம்தான், அப்பாவின் முழங்கால் மட்டும் குளிர் வந்ததும் முனக ஆரம்பித்துவிட்டது. சியாட்டிலில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே விமானம் நின்றுவிட்டதால் இந்தக் கடிதம் படகில் பெத்தல் டவுனுக்குப் போய் அங்கிருந்து உனக்கு வரும். கூடவே காய்ந்த சால்மன் வைத்திருக்கிறேன், அறைத்தோழன் மூக்கைப் பொத்தினால் பொத்தட்டும்.

யாக்கோ மாமாவுக்கு நாற்பதாம் நாள் பூசை முடிந்தது. ஊரில் ஆளுக்கொரு கதை பேசுவதால் நானே எழுதுகிறேன். அன்றைக்கு மாமா ஏறி வந்த விமானத்திலிருந்து, வழக்கம்போல ரேடியோவில், கோயில் சிலுவை தெரிகிறதா என்று கேட்டார்கள், அது தெரிந்தால்தானே இறங்கலாம். நம்மவர்களுக்குக் கண்ணை மூடினாலும் சிலுவை நிற்கும் இடம் தெரியும், அதனால் வாய் தானாக, "தெரிகிறது, வா" என்று சொல்லிவிடும். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன், மூடுபனியில் கோயிலே காணோம். வருவது என் தம்பி என்று தெரிந்தும், "தெரியவில்லை, வராதே" என்றேன். ஓட்டியவன் விமான முதலாளி டேலின் அக்கா மகன் ட்ராவிஸ், காசுக்கு ஆள் ஏற்றவோ மேகத்துக்குள் ஓட்டவோ உரிமம் இல்லாதவன். "கிட்ட வந்தா தெரிஞ்சிடும் அத்தே" என்று சிரித்தான். குன்றில் மோதி இருவரும் போய்விட்டார்கள். அந்தப் பையனுக்காகவும் அழுதேன், அவனை ஏற்றி அனுப்பியவனை மன்னிக்க மாட்டேன்.

பிறகு டேல் படகில் வந்தான். "சிலுவை தெரிஞ்சுதுன்னு நீங்கதான் சொன்னதா விசாரணைல ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா, அடுத்த வாரமே விமானம் விடறேன்" என்றான். வாசலைக் காட்டினேன். நீராவிக் குளியலில் பக்கத்து வீட்டு ஒலின்கா, "செத்தவன் திரும்பியா வரப்போறான், விமானம் வராம எம் புள்ளைக்குப் பால்மாவு இல்லடி" என்றாள். சூடான கல்லில் இன்னும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன், ஆவி தாங்காமல் அலறிக்கொண்டு முதலில் ஓடியது அவள்தான். மறுநாள் அப்பாவைப் படகில் அனுப்பிப் பால்மாவு வாங்கிக் கொடுத்தேன். விசாரணைக்காரர்களிடம் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன்.

இப்போது டேல் உன்னையே விமானம் ஓட்டக் கூப்பிடுகிறானாமே. நம்ம ஊர்ப் பையன், வழி தெரியும் என்கிறானாம். ட்ராவிஸிடம் இருந்ததும் உன்னிடம் இருக்கும் அதே முதல் உரிமம்தான். மீதித் தேர்வுகளை முடிக்காமல் அவன் விமானத்தில் கால் வைக்காதே, ஊரே என்னை ஏசினாலும் ஏசட்டும்.

ஒருநாள் நீயே ஓட்டிக்கொண்டு வருவாய். ரேடியோவில் என்னிடம்தான் கேட்பாய். உன்னைப் பார்க்க எவ்வளவு ஏங்கினாலும், சிலுவை தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே சொல்வேன். நீ திரும்பிப் போய்விட வேண்டும்.

ஆண்டவர் துணையிருப்பார். மீனைக் காற்றுப்படும்படி தொங்கவிட மறக்காதே.

ஜன்னலோரம் நிற்கும் அம்மா,
மத்ரோனா