விடுதலையோ பிரிவினையோ என்று கேட்ட அண்ணைக்கு

அன்புள்ள அண்ணை,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீங்கள் உயிரோடு இருந்தவரை அம்மாவுக்காகப் பேசாமல் இருந்தேன். இப்போது லண்டனில் உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. நினைவு மலருக்கு எழுதித் தரச்சொல்லி உங்கள் மகன் தொலைபேசி எடுத்தான். "சித்தப்பா, அப்பாவைப் பற்றி நல்லதா நாலு வரி. அரசியல் மட்டும் வேண்டாம்" என்றான். நாலு வரி கொடுத்துவிட்டேன். அதில் பொய் இல்லை. என்னை இங்கே ஜேர்மனிக்குக் கூப்பிட்டுப் படிப்பித்தது நீங்கள்தானே. அந்த மலரில் அடங்காததை இந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பீலெஃபெல்டில் நடந்த மண்டபக் கூட்டம் நினைவிருக்கிறதா? பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்று அங்கே வாக்கெடுப்பு வர இருந்த நேரம். எங்கள் சனத்தில் பாதிப் பேருக்கு லண்டனில் உறவு என்பதால், என்னைத் தமிழில் விளக்கச் சொன்னார்கள். நீதிமன்றத்திலும் அகதி விசாரணைகளிலும் மொழிபெயர்த்துச் சீவிக்கிறவன் நான். சொற்களை அளந்து பாவிப்பவன் என்ற நினைப்பு எனக்கு உண்டு. "இந்தப் பிரிவினை நல்லதல்ல" என்று தொடங்கினேன். விடுமுறையில் வந்திருந்த நீங்கள் பின்வரிசையில் எழும்பினீர்கள்.

"தம்பி, ஒரு விளக்கம். நாங்கள் கேட்டால் விடுதலை, வெள்ளைக்காரன் கேட்டால் பிரிவினையோ?"

சபை சிரித்தது. நீங்கள் விடவில்லை. "எங்களைப் பிரிவினைவாதி எண்டவங்கட சொல்லை நீ எங்கையடா பொறுக்கினனி? தன்ர வீட்டைத் தானே ஆளோணும் எண்டு ஒருத்தன் கேட்டால் அதில என்ன பிழை?"

கைதட்டல். நான் தண்ணீர் குடித்தேன். அன்றிலிருந்து இந்த ஊரில் எனக்குப் பெயர் பிரிவினை அண்ணை. கலியாண வீட்டுக்குள் நுழைந்தால், "பிரிவினை அண்ணை வாறார், புருசன் பெண்சாதி எல்லாரும் கையைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ" என்பார்கள். நீங்கள் லண்டனுக்குத் திரும்பிப் போய்விட்டீர்கள். பெயரோடு இங்கே சீவித்தது நான்.

பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக ஜேர்மன் கடவுச்சீட்டோடு லண்டனில் குடியேறியவர் நீங்கள். உங்களை ஒரு கேள்வியும் கேட்காமல் உள்ளே விட்டது அந்த ஒன்றியம்தான். அதைவிட்டுப் போகச் சொல்லித் தெருத் தெருவாய்க் கதைத்த உங்களுக்கு வாக்கு இருக்கவில்லை. இலங்கைக் கடவுச்சீட்டை மாற்றாமல் வைத்திருந்த அண்ணிக்கு, பொதுநலவாய நாட்டவர் என்றபடியால், இருந்தது. "எனக்கென்ன தெரியும், அவர் காட்டின இடத்தில புள்ளடி போட்டன்" என்று பிறகு அண்ணி என் மனைவியிடம் சொன்னார்.

ஏன் என்று உங்களிடம் கேட்டேன். "போலந்துக்காரன் வந்து எங்கட வேலையை அரை விலைக்குச் செய்யிறான்ரா" என்றீர்கள். எங்கட வேலையா, அண்ணை? இங்கே நீங்கள் உணவகத்தில் கோப்பை கழுவிய காலத்தில், ஜேர்மன்காரன் உங்களைப் பற்றி இதே வசனத்தைச் சொன்னதாக எனக்குச் சொன்னவர் யார்? வாக்கெடுப்பு முடிந்து, அங்கே தொடர்ந்து இருக்க நீங்களே அனுமதி கேட்டு விண்ணப்பித்தீர்கள். அப்போதாவது ஏதாவது உறைத்ததா?

சரி, அது உங்கள் பாடு. அம்மாவின் கதைக்கு வருகிறேன்.

அம்மாவும் தன் பழைய கடவுச்சீட்டை மாற்றச் சம்மதிக்கவில்லை. ஆனாலும் முன்பெல்லாம் என் ஜேர்மன் கடவுச்சீட்டைக் காட்டிக் குடும்ப அனுமதி எடுத்து, அவரை உங்களிடம் கூட்டிவருவேன். பிரித்தானியா விலகியபின் அந்த வழி அடைபட்டுவிட்டதால், இம்முறை நீங்கள் திடீரென்று போனதும் விசாவுக்கு ஓடினேன். டுசல்டோர்ஃபில் கைரேகை வைக்க டெர்மின் என்கிற முன்பதிவு நேரம் கிடைத்தபோது, அங்கே உங்களை எரித்து முடித்துவிட்டார்கள்.

சடங்கை அம்மா எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தார். கைபேசியைப் பிடித்திருந்தவர் யாரென்று தெரியாது. பாதி நேரம் எவருடையவோ முதுகுதான் தெரிந்தது. "ஆரப்பா அது, கொஞ்சம் விலகச் சொல்லுங்கோ" என்று அம்மா திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு எனக்குக் கிடைப்பது இதுதான்: "நீ நேரத்துக்கு அலுவல் பார்த்திருந்தால் என்ர பிள்ளையின்ர முகத்தைப் பார்த்திருப்பன். உனக்கு எப்பவும் அவனில கோவம்." சாப்பாட்டு மேசையில் சொல்கிறார், வைத்தியரிடம் போகும் பேருந்தில் சொல்கிறார். "அம்மா, உங்கட மூத்த மகன் கேட்டது கிடைச்சுது, அதாலதான் உங்களால லண்டனுக்குப் போக முடியேல்லை" என்று அவரிடம் நான் சொல்லவா? அண்ணியின் ஒரு புள்ளடியால் ஒரு நாடு விலகவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆறவில்லை.

இங்கேயும் அந்தக் கதை தொடங்கிவிட்டது. ஒன்றியத்தை விட்டு வெளியே போகவேண்டும் என்கிற கட்சிக்குச் சனம் வாக்குப் போடுகிறது. ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர்த் திருவிழாவில் ஒருவர் என் தோளைத் தட்டினார். "அண்ணை, இவங்களும் போனால் எங்களுக்கு விடுதலையோ, பிரிவினையோ?" பகிடிக்குத்தான் கேட்டார், ஆனால் அவருடைய முகம் சிரிக்கவில்லை.

அன்று மண்டபத்தில் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் காரில் வரும்போதுதான் வந்தது: நாங்கள் பிரியக் கேட்டது அடித்தவனிடமிருந்து, அவர்கள் பிரியக் கேட்டது பக்கத்தில் இருந்தவனிடமிருந்து. இத்தனை வருடம் அதை எனக்குள்ளே சொல்லிச் சொல்லி உங்களை வென்றேன். இப்போது அதிலும் ஓட்டை தெரிகிறது. அடித்தவன் யார், பக்கத்தில் இருந்தவன் யார் என்று தீர்ப்பது யார்? பிரிந்து போனவனா, விடப்பட்டவனா? இதை உங்களிடம்தான் கேட்கவேண்டும். சண்டை பிடிக்கக்கூட நீங்கள் இல்லை.

மன்னித்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். அம்மா இதை அறியமாட்டார். அலுவல் பார்க்காத மகன் நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன். அவர் உங்களை நினைத்து அழுகிற அழுகையில் நான் கை வைக்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவி இந்தப் பத்திரிகையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவார். எதை எடுத்தாலும் அம்மா முதலில் கேட்பது, "ஆர் எழுதினது?" பெயர் இல்லையென்றால், "பேர் போடப் பயந்தவன்ர கதை எங்களுக்கு என்னத்துக்கு, அடுத்ததை வாசி பிள்ளை" என்பார்.

'உங்கள் தம்பி' என்று கீழே எழுதினேன். பெயரும் எழுதினேன். இரண்டையும் வெட்டிவிட்டு, ஒப்பமில்லாமல் தபாலில் போடப் போகிறேன்.