பழுதில்லை என்று எழுதப்பட்ட பதினாறு விளக்குகள்

அனுப்புநர்:
யு. தாமரைச்செல்வி,
க/பெ. யுவராஜ்,
மேல்கரைப்பட்டி, ஆலத்தூர் நாடு,
கொல்லிமலை.

பெறுநர்:
திட்ட அலுவலர் அவர்கள்,
மலைக்கிராமச் சூரிய விளக்குத் திட்டம்,
நாமக்கல்.

பொருள்: தவறான ஆய்வு அறிக்கையால் பறிபோன பராமரிப்பாளர் வேலையைத் திரும்ப வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. 2001-இல் எங்கள் ஊரில் பதினாறு சூரியத் தெருவிளக்குகள் நட்டபோது, வெயிலில் மின்சாரம் எடுத்தால் எண்ணெய் இறக்குமதிக்குப் போகும் நாட்டின் பணம் மிஞ்சும், அது மலைப் பிள்ளைகளுக்கு வேலையாகத் திரும்பும் என்று மேடையில் சொன்னார்கள். நம்பினோம். நானும் என் கணவரும் நான்கு மாதம் பயிற்சி பெற்றுப் பராமரிப்பாளர்களாகச் சேர்ந்தோம்.

2. மூன்றாம் ஆண்டில் பேட்டரிகள் சோர்ந்துவிட்டன. விளக்குகள் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. புது பேட்டரி கேட்டு எழுதினேன். ஆய்வுக்கு வருவதாக ஒரு வாரம் முன்பே தகவல் வந்தது.

3. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஊர்ப் பெரியவர் குழந்தைசாமி, "நம்மளத் தேடி மலையேறி வாரவங்கள இருட்டுல நிக்க வெக்கறதுங்களா?" என்றார். விருந்தாளி முன்னால் இல்லாமையைக் காட்டுவது எங்கள் ஊர் வழக்கமில்லை. ஆறு நாள் ஒரு விளக்கையும் எரியவிடாமல் பேட்டரியில் மின்சாரத்தைச் சேர்த்துவைத்தோம். வெயில் நன்றாக ஏறட்டும் என்று சூரியத் தகடுகளைத் துடைத்தவள் நான்தான். விஷயம் தெரிந்த நானாவது தடுத்திருக்க வேண்டும், செய்யவில்லை. அலுவலர்கள் வந்த மாலை பதினாறும் பளிச்சென்று எரிந்தன. காபி குடித்துவிட்டு, "பழுதில்லை, பராமரிப்பாளர் தேவையில்லை" என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஜீப் ஊரைத் தாண்டிய சற்று நேரத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

4. மறுமாதமே எங்கள் இருவரையும் நீக்கிவிட்டார்கள். என் கணவர் திருச்செங்கோட்டு போர்வெல் லாரியில் ஏறி மத்தியப் பிரதேசம் போய்விட்டார். டீசல் புகையில் இருமல் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறார். நான் மரவள்ளிக்கிழங்கு பிடுங்கும் கூலிக்குப் போகிறேன். நாட்டில் காற்றிலும் வெயிலிலும் மின்சாரம் பெருகுவதாக ரேடியோவில் சொல்கிறார்கள். பெருகட்டும் ஐயா. அந்த வேலையெல்லாம் யாருக்குப் போனது என்றுதான் தெரியவில்லை.

5. அந்த அறிக்கையை ரத்து செய்து, பேட்டரிகளை மாற்றி, எங்களை மீண்டும் பணியில் சேர்க்க வேண்டுகிறேன். வேலை போன பிறகு எழுதும் மூன்றாவது மனு இது. முந்தைய இரண்டுக்கும், "ஆய்வு அறிக்கைப்படி பழுதில்லை" என்றே பதில் வந்தது. இதற்கும் அதுவே வரும் என்று எனக்குத் தெரியும். ஒருவேளை யாரையாவது அனுப்புவதாக இருந்தால், தயவுசெய்து முன்கூட்டிச் சொல்லாமல் அனுப்புங்கள். சொல்லிவிட்டால், எங்கள் ஊரார் மறுபடியும் ஆறு நாள் இருட்டில் இருப்பார்கள்.

இடம்: மேல்கரைப்பட்டி
நாள்: 17.12.2004

தங்கள் பார்வைக்குக் காத்திருக்கும்,
யு. தாமரைச்செல்வி
(ஒப்பம்)