ஷில்காவின் வலது இருக்கை

என் செல்ல அப்பாவுக்கு,

லின்ஃபீல்டில் இன்று நல்ல வெயில். கூடத்து மேசையில் உங்கள் ஷில்கா நிற்கிறது. நீங்கள் ராணுவத்தில் இருந்த வண்டியின் உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் மாதிரி, துண்டு துண்டாகப் பெட்டியில் வருவது. உங்கள் மாப்பிள்ளை வாங்கி வந்தார், ஒட்டுவது என் வேலை. நான்கு குழல்களும் நேராக நின்றுவிட்டன, முதுகில் இருக்கும் ரேடார் தட்டுதான் கழன்று கழன்று விழுகிறது.

"எங்கப்பா ராணுவத்துல டாங்கி ஓட்டினார்" என்று இத்தனை வருடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். "டாங்கி இல்லம்மா, விமானத்தைச் சுடுற பீரங்கி வண்டி. ரஷ்யாக்காரன் செஞ்சது. நான் ஓட்டவும் இல்ல" என்று ஆரம்பத்தில் திருத்தினீர்கள். பிறகு விட்டுவிட்டீர்கள். செவிடன் காதில் எத்தனை நாள்தான் சங்கு ஊதுவது?

பெட்டிக்குள் குட்டிக் குட்டியாக நான்கு இருக்கைகள் இருந்தன. இதில் உங்களுடையது எது? தெரியாமல் ஒட்ட மனம் வரவில்லை. உங்கள் வண்டியை ஓட்டிய பாலன் மாமாவை மதுரைக்குப் போன் போட்டுப் பிடித்தேன்.

"சுழல்ற மேல்கூண்டுக்குள்ள வலது பக்கம்மா. ரேடார்ல தூரம் பாக்குற வேலை" என்றார்.

"அப்போ எவ்வளவு விமானம் பார்த்திருப்பார் மாமா!"

சிரித்தார். "எங்க? மூடியைச் சாத்திட்டா அவருக்கு வானமே கிடையாது. திரையில ஒரு கோடு, அவ்வளவுதான். அதான் அங்க வெளிநாட்டுல உன் வீட்டுக்கு வந்தப்ப அப்படி ஒரு குஷி. தினமும் போன் பண்ணுவார். 'இன்னைக்கு வந்ததுக்கு வாலு சிவப்புடா, சக்கரம் இறங்குறதுகூடத் தெரியுது'ம்பார்."

விரலில் பசை காய்ந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன், அப்பா.

தினமும் சாயங்காலம் பிளாக்ஹவுஸ் பே கடற்கரையில் நின்று, தண்ணீருக்கு அப்பால் இறங்கும் விமானங்களையே பார்ப்பீர்களே. ஊர் ஏக்கம் என்று நானாக முடிவு கட்டினேன். பாவம், போய் நிம்மதியாக இருக்கட்டும் என்று டிக்கெட் போட்டேன். "சரிம்மா" என்றீர்கள். திருச்சிக்குப் போன ஏழாவது மாதம் கண்ணை மூடிவிட்டீர்கள்.

திரையில் அந்தக் கோடு என்ன நிறம்? இரைச்சல் தலைக்கு மேல் போகும்போது மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கலாம் என்று ஒரு தடவையாவது கை பரபரத்ததா? இங்கே முதல் நாள், விமானம் இவ்வளவு பெரிசா என்று தோன்றியதா?

"நான் இங்கேயே இருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? மகள் நம்மை அனுப்பிவிடப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டீர்களோ? பாலன் மாமாவிடம் இதை மட்டும் கேட்கத் தைரியம் வரவில்லை.

அடுத்த மாதம் உங்கள் சம்பந்தியம்மா எங்களோடு இருக்க வருகிறார். அவர் ஜன்னலோரம் நின்று எதையாவது பார்த்துக்கொண்டிருந்தால், நானாக அர்த்தம் கற்பிக்க மாட்டேன். பக்கத்தில் போய் நின்று, "என்ன அத்தை பாக்குறீங்க?" என்று கேட்பேன். சத்தியமாகக் கேட்பேன். உங்களிடம் ஒரு நாள்கூட நான் கேட்கவில்லை, அப்பா.

உங்கள் மூத்த மகள்,
கலா