சந்தனம் அடைத்த காற்றுப்பெட்டி

எர்ணாவூர்,
சனிக்கிழமை காலை.

அன்பு மகள் எழில்மொழிக்கு உன் நைனா துரை எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், ஜெர்மனிக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவருக்கும் தினப்படி கவலை. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, ஆனால் மழைக்கு மாடிப்படியெல்லாம் தண்ணீர், ஏறாதே என்றால் கேட்கிறாளா, உன் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறாய்? எனக்குக் காட்டுப்பள்ளி கப்பல் பட்டறையில் இன்னும் எட்டு மாதம்தான் வெல்டிங் வேலை, அப்புறம் ரிட்டையர்டு. போனில் பேசாமல் இதென்ன பேப்பரும் பேனாவும் என்று கேட்பாய். போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பாதியில் உன் அம்மா பிடுங்கிக்கொண்டு அழவும் ஆரம்பித்துவிடுவாள். எழுதி முடித்ததும் எதிர்வீட்டு ஜெஸ்லின் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். திங்கட்கிழமை நீ அந்த சென்ட் கம்பெனி வேலைக்குக் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னாயே, அதற்கு முன்னால் இதைப் படித்தாக வேண்டும்.

நம் பிளாக் மொட்டைமாடியில் நீ மாட்டிவிட்டுப் போன காற்றுப்பெட்டியைப் பற்றித்தான். நீ போன பிறகு ஒரு வருஷம் அது எப்படி வேலை செய்தது என்று உனக்கே தெரியும். காற்று நன்றாக இருந்தால் பச்சை, கெட்டால் சிவப்பு, சிவப்பு எரிந்தால் தெருவில் எல்லார் போனுக்கும் செய்தி. எழிலு பொட்டி என்றுதான் அதற்குப் பெயர். மீன் விற்கிற பிலோமி அக்கா வீசிங்காரி, மூக்கு எப்போதோ மீன் வாடையில் செத்துப்போனது, அவள் அண்ணாந்து அந்த விளக்கைப் பார்க்காமல் கூடையைத் தூக்கமாட்டாள். போன மாதம் ஒரு விடியற்காலை கண் எரிகிற மாதிரி ஒரு காற்று இறங்கியது, எங்கேயிருந்து என்று இன்றுவரை யாரும் வாய் திறக்கவில்லை. பெட்டி பச்சை காட்டியது. அதை நம்பிக் கிளம்பிய பிலோமி அக்கா மெயின் ரோட்டில் மூச்சு வாங்கி விழுந்தாள், மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். பிழைத்து வந்துவிட்டாள், ஆனால் தெருவே பொய்ப் பொட்டி என்று பேச ஆரம்பித்துவிட்டது. நீ போனில் அழுதாய். கடல் காற்று ஈரத்துக்கு என் டிசைன் தாங்கல நைனா, அஞ்சு வருஷ ஆராய்ச்சி வேஸ்ட்டு, அத்தக் கழட்டிப் போட்டுடு என்றாய். அதற்கப்புறம்தான் இந்த சென்ட் கம்பெனிப் பேச்சே வந்தது.

நேற்று ஷிப்ட் முடிந்து வந்து ஏணி போட்டுக் கழற்றினேன். கீழே கொண்டுவந்து திருப்பிப் பார்க்கிறேன், அடிப்பக்கம் காற்று உள்ளே போகிற அந்தச் சின்னச் சின்ன ஓட்டைகள் அத்தனையும் மூடிக் கிடக்கின்றன. விரலால் தடவினேன். சந்தனம். காய்ந்து சிமெண்ட் மாதிரி இறுகிப்போன சந்தனம், நடுவில் குங்குமம். எழிலு, வைத்தது வேறு யாருமில்லை, நான்தான். ஆயுத பூஜையன்று பட்டறையில் எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்துவிட்டு வந்தேன், கண்டவனுடைய கிரைண்டருக்கெல்லாம் பொட்டு வைக்கிறோம், என் மகள் செய்த மெஷின் வெறும் நெற்றியோடு இருப்பதா என்று கிண்ணத்தோடு மேலே ஏறினேன். மேலே சோலார் தகடு, முன்னால் விளக்கு, வைக்க இடம் இருந்தது அடியில்தான். மூன்று விரலையும் சேர்த்து இழுத்துவிட்டேன். மூக்கை அடைத்துவிட்டால் அது பச்சை காட்டாமல் வேறென்ன செய்யும்?

உன்னிடம் மறைக்க மாட்டேன், சுரண்டிப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளலாமா என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது. சென்ட் கம்பெனி நல்ல சம்பளம், நீயும் சுகமாக இருப்பாய், நானும் தெருவில் தலைநிமிர்ந்து நடக்கலாம். ஆனால் பட்டறையில் நான் பிடிக்கிற ஒவ்வொரு வெல்டுக்குப் பக்கத்திலும் என் நம்பரை எழுதுகிறேன், ஓட்டை என்றால் அந்த நம்பர்காரன்தான் வந்து நிற்க வேண்டும். முப்பத்திரண்டு வருஷ வெல்டிங் வேலையில் அப்படி நின்றவன், பெற்ற பெண்ணிடம் ஒளிவதா?

பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே பிலோமி அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கயிதே, உன் பக்திக்கு நானாடா கெட்ச்சேன், மூச்சு வுட முடியாம மூணு நாளு பேஜாரா பூட்ச்சு என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி திட்டித் தீர்த்தாள் பார், தலைகுனிந்து கேட்டுக்கொண்டேன். திட்டி முடித்துவிட்டு, சும்மா இன்னாத்துக்கு நின்னுகினு கீற, கழுவி எட்த்துகினு போயி மாட்டு, அது இல்லாம நான் எப்டி யாவாரத்துக்குப் போறது என்றாள். நீ சொல்லிக்கொடுத்தபடி பஞ்சும் ஸ்பிரிட்டும் வைத்து ஒவ்வொரு ஓட்டையாகத் துடைத்து மாட்டினேன். பிறகு தேங்காய் நாரைக் கொளுத்தி அடியில் காட்டினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, சிவப்பு! எல்லார் வீட்டிலும் போன் கத்துகிறது, எவன்டா அது குப்ப கொள்த்துறவன் என்று ஜன்னல் ஜன்னலாகத் திட்டு. அப்படி ஒரு திட்டை வாங்கி நான் இத்தனை சந்தோஷப்பட்டதில்லை. அம்மா கீழே நின்று அழுதுகொண்டே சிரித்தாள்.

கண்ணு, நாட்டுக்குக் கரண்ட் வேண்டும், உரம் வேண்டும், கப்பல் வேண்டும், நம்ம பக்கம் அதையெல்லாம் செய்கிறது, அதில்தான் உன்னைப் படிக்கவைத்தேன், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைச் செய்கிற சனம் மூச்சு விட வேண்டாமா? அதுவும் முன்னேற்றத்தில் சேர்த்திதானே? நான் வெல்டு பிடித்த கப்பல் எந்தக் கடலில் ஓடுகிறதோ, எனக்குத் தெரியாது. நீ செய்ததைப் பார்த்துவிட்டு ஒருத்தி கூடையைத் தூக்குகிறாள், அது கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. அந்தக் கொடுப்பினை எனக்குக் கிடைத்ததில்லை. இருந்தாலும் எந்த வேலைக்குப் போவது என்பது உன் இஷ்டம், சென்ட் கம்பெனிக்கே போனாலும் நீ என் மகள்தான். என் தப்பை உன் தோல்வி என்று நினைத்துக்கொண்டு போகாதே, அவ்வளவுதான் நான் கேட்பது. உன் புரொபசரிடமும் என் பேரைச் சொல்லியே சொல், வெட்கப்படாதே.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. உன் படிப்பும் உழைப்பும் நாலு பேருக்கு நிழலாக இருக்கட்டும் என்று நானும் அம்மாவும் மனசார ஆசீர்வதிக்கிறோம். மறக்காமல் ஒன்று. ஒருவேளை நீ அடுத்த பெட்டி செய்தால், முன்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெற்று இடம் விட்டுவிடு. வைக்காதே என்று நீ எத்தனை முறை சொன்னாலும் எங்கள் ஆட்கள் பொட்டு வைக்கத்தான் போகிறார்கள்.

இப்படிக்கு,
உன் பெட்டியின் மூக்கை அடைத்த
நைனா துரை