கொதிக்கவைத்து அனுப்பிய தண்ணீர்

சங்கரன்கோவில்
25-7-1957

மாப்பிள்ளை காளிராஜ் அவர்களுக்கு மாமன் வேல்சாமி எழுதுவது.

எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது என்று உங்கள் சோதனைச்சாலை எழுதி அனுப்பியது பொய். அதன் கீழே கையெழுத்துப் போட்டிருப்பது நீங்கள். நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்வோம்.

நீங்கள் அனுப்பிய கண்ணாடிப் புட்டி வந்த அன்று நான் குழாயடியில்தான் நின்றேன். அதன் கழுத்தில் கட்டியிருந்த சீட்டில், புட்டியைக் கழுவக் கூடாது, குழாயைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நேராகப் பிடிக்க வேண்டும் என்று இங்கிலீஷிலும் தமிழிலும் அச்சடித்திருந்தது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத எனக்கே புரிந்தது. எஸ்.எஸ்.எல்.சி. படித்த ஓவர்சியர் துரைப்பாண்டிக்குப் புரியவில்லை. மேஸ்திரி சண்முகையாவைக் கூப்பிட்டு, புட்டியைச் சாம்பல் போட்டு விளக்கச் சொன்னார். தண்ணீரை வேட்டித் துணியில் வடிகட்டி, காப்பிக்கடை அடுப்பில் கொதிக்கவைத்து, ஆறவைத்து ஊற்றினார்கள். ஏன்வே இப்படி என்று கேட்டேன். மெட்ராசுல பெரிய ஆளுக குடிச்சுப் பாக்கப்போற தண்ணி அண்ணாச்சி, அழுக்கோட அனுப்புனா ஊருக்குல்லா கேவலம் என்றான் சண்முகையா. ஓவர்சியரும் தலையாட்டினார். நீங்கள் அங்கே டம்ளரில் ஊற்றிக் குடித்துப் பார்த்துத்தான் எழுதுகிறீர்கள் என்று இரண்டு பேரும் நம்புகிறார்கள்.

அவர்கள் அறிவு அவ்வளவுதான். உங்களுக்கு என்ன வந்தது? புட்டியோடு அனுப்பிய படிவத்தின் நகலைப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். எந்தக் குழாய் என்ற கட்டத்தில் சங்கரன்கோவில் என்று மட்டும் இருக்கிறது. எத்தனை மணி என்ற கட்டம் காலி. இதை வாங்கி வைத்துக்கொண்டு பூதக்கண்ணாடியில் என்னத்தைப் பார்த்தீர்கள்? ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கூட்டம் சேருமுன் காகிதம் வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள் என்பீர்கள். ஜனங்கள் காகிதத்தையா குடிக்கப்போகிறார்கள்?

எங்கள் தெருக் கடைசியில் குழாய் சாக்கடைக்குள் போகிறது. இணைப்பு ஒழுகுகிறது. காலையில் முதல் குடத்தை மூக்கருகே கொண்டுபோக முடியாது. தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடர் கடைசிக் குழாய் வரை வருகிறதா என்று பார்க்க, மஞ்சள் நிறம் காட்டும் சொட்டு மருந்து ஒன்று ஓவர்சியரிடம் இருக்கிறது. அதன் மூடியை இன்னும் திறக்கவில்லை. ஏழு வீட்டில் விஷக்காய்ச்சல். எதிர்வீட்டு ஜுலைகா பீவி இருபத்தொரு நாள் கிடந்து இப்போதுதான் எழுந்தாள். தலைமுடி கொட்டிப்போயிற்று. அவளுக்கு ஏழாம் மாதம். வயிற்றில் இருந்தது தங்கவில்லை.

அன்னக்கிளிக்கும் இது ஏழாம் மாதம். ஆவணியில் பிரசவத்துக்கு அழைக்க வருவதாகச் சொல்லியிருந்தேன். வரமாட்டேன்.

இனி ஆகவேண்டியது இது. அந்தக் காகிதம் செல்லாது என்று நீங்கள் தந்தி அடிக்க வேண்டும். ஓவர்சியருக்குச் சொல்லாமல் புதுப் புட்டியோடு நீங்களே வந்து, கடைசிக் குழாயில் உங்கள் கையால் பிடிக்க வேண்டும். துரைப்பாண்டி சாக்கடையைத் தோண்டிக் குழாயை மாற்ற வேண்டும், சொட்டு மருந்தின் மூடியையும் திறக்க வேண்டும். சண்முகையா புட்டியைத் தொடவே கூடாது. உங்கள் அத்தை இப்போதே கட்டிவைத்திருக்கும் தொட்டிலை அவிழ்க்க வேண்டும். மாட்டேன் என்கிறாள்.

அன்னக்கிளி அங்கேயே இருக்கட்டும். அப்பா வரவில்லை என்று கோபித்தால் கோபிக்கட்டும். காரணம் சொல்லி அவளைப் பயமுறுத்தாதீர்கள். அங்கேயும் அவளுக்குத் தண்ணீரைக் கொதிக்கவைத்தே கொடுங்கள். சண்முகையாவுக்குத் தெரிந்த அளவாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கோமதி அம்மன் என் பிள்ளையை நல்லபடியாகப் பிழைக்கவைக்கட்டும்.

மாமன்
வேல்சாமி