எந்தச் சாமிக்கு விரதம்?

அடி அண்ணாமலை
2.5.1983

அன்புள்ள மாமாவுக்கு,

கஸ்தூரி எழுதுவது. நானும் பிள்ளைகளும் சுகம். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டு, தனிப் பாயில் படுத்தீங்க. சரி. தையில் பழனிக்குப் போட்டீங்க. அதுவும் சரி. சித்திரையில் எந்தச் சாமிக்கு விரதம்? கேட்டதுக்குப் பதில் சொல்லாம வேலூர் டிப்போவுக்கு மாற்றல் வாங்கிட்டுப் போயிட்டீங்க. அங்கே வேற யாராவது இருந்தா நேரா எழுதிடுங்க. கட்டின பொண்டாட்டிக்கு அந்த மரியாதையாவது குடுங்க.

கஸ்தூரி

வேலூர்
7.5.1983

அன்புள்ள கஸ்தூரிக்கு,

அண்ணாமலையார் சாட்சி, வேற யாரும் இல்லை. கார்டில் எழுதுற விஷயம் இல்லை, அதான் கவர். எட்டு மாசமா என் உடம்பு என் பேச்சைக் கேட்கலை. உன் பக்கத்தில் படுத்து, ஒன்றும் முடியாம திரும்பிப் படுக்க வெட்கம். சாமி பேரைச் சொல்லித் தப்பிச்சேன். லாட்ஜில் வந்து தங்குற வைத்தியர், வாலிபத்தில் செய்த தப்புதான் காரணம்னு லேகியம் குடுத்தார். கவலையில் பீடிதான் ஜாஸ்தி ஆச்சு. இனி நான் உனக்கு எதுக்கு?

ராஜமாணிக்கம்

அடி அண்ணாமலை
11.5.1983

மாமா,

அழுதேன், அப்புறம் வேற யாரும் இல்லைன்னு சிரிச்சேன். பக்கத்து வீட்டுத் தங்கம்மாளுக்குக் கேசரி கிண்டிக் குடுத்தேன், காரணம் சொல்லலை. ஊருக்கு வந்த உங்க கண்டக்டர் வேடியப்பன், "அண்ணன் வழியெல்லாம் பஸ்ஸை நிறுத்திட்டு ஒதுங்கறார், குடம் குடமா தண்ணி குடிக்கறார் அண்ணி"ன்னார். எங்க கீழ்பென்னாத்தூர் அண்ணனுக்கும் இப்படித்தான் இருந்துச்சு, சர்க்கரைன்னாங்க. லேகியத்தைக் கொட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. அந்த விஷயத்தையும் சொல்லுங்க.

கஸ்தூரி

வேலூர்
28.5.1983

கஸ்தூரி,

சர்க்கரைதான். ரத்தக் கொதிப்பும் இருக்கு. வாலிபத் தப்பெல்லாம் கட்டுக்கதைன்னுட்டார் டாக்டர். சர்க்கரை நரம்பையும் ரத்த ஓட்டத்தையும் கெடுக்குமாம், பீடி அதுக்குக் கூட்டாளியாம். "முடியுமா முடியுமான்னு பயந்தா, நல்லா இருக்கறவனுக்கே முடியாதுய்யா"ன்னார். மாத்திரை, தினமும் நடை, பீடி கூடாது. சரியாகலாம், ஆனா உறுதி சொல்ல முடியாதாம். சரியான பிறகு வரட்டுமா?

ராஜமாணிக்கம்

அடி அண்ணாமலை
1.6.1983

மாமா,

சரியான பிறகா? அதுவரைக்கும் நான் யார்கிட்ட சண்டை போடறது? சனிக்கிழமை வாங்க. பிள்ளைகளை அண்ணன் வீட்டுக்கு அனுப்பறேன். பயப்படாதீங்க, பரீட்சை ஒன்னும் வைக்கலை.

கஸ்தூரி

அடி அண்ணாமலை
6.6.1983

அன்புள்ள மாமாவுக்கு,

மாத்திரையை மறக்காதீங்க. வர்ற சனிக்கிழமையும் வாங்க. நீங்க பஸ் ஏறினதும் தங்கம்மாள் வந்துட்டா. "என்னாடி, ராத்திரி பூரா உங்க வீட்ல ஒரே சிரிப்புச் சத்தம்?"னு கேட்டா. ஒன்னுமே நடக்கலைக்கான்னு உள்ளதைச் சொன்னேன். நம்பவே மாட்டேங்கறா.

உங்கள்
கஸ்தூரி