நிமிடத்துக்கு எழுபது சுற்று

கில்ரஷ், கிளேர் மாவட்டம்
மார்ச் 9, 1971

பாஸ்டனில் இருக்கும் அருமை மகள் அட்ராக்டாவுக்கு, உன் சித்தப்பா மர்ட்டி ஹெஹிர் எழுதுவது. இங்கே நானும் நான்கு பசுக்களும் நலம். பதினாறு நாளாக மழையும் காற்றும். போன வாரம் எதிர்த் தீவிலிருந்து ஒரு செம்மறியாடு பறந்து வந்து எங்கள் வேலியில் உட்கார்ந்தது. நம்பாவிட்டால் போ.

நீ வேலை பார்க்கும் இசைத்தட்டுக் கம்பெனியின் காகிதம் கிடைத்தது. 1936இல் டப்ளினில் நான் பைக்குழல் வாசித்த இசைத்தட்டைப் புது லாங்பிளேயாகப் போடுகிறீர்கள், அதற்கு என் கையெழுத்து வேண்டும். போட மாட்டேன். கோபப்படாதே, காரணத்தைக் கேள்.

அயர்லாந்தில் அத்தனை வேகமாக யாரும் வாசித்ததில்லை என்று அந்தத் தட்டுக்குப் பேர். அதைக் கேட்டு லிமரிக்கில் ஒரு பிஷப்பே எழுந்து ஆடினார் என்று நானே நூறு தடவை சொல்லியிருக்கிறேன். (ஆடவில்லை, காலைத்தான் தட்டினார். தட்டியதும் பிஷப் இல்லை, அவருடைய காரோட்டி.)

ஜனவரியில் என் இடது கை படுத்துவிட்டது. இனி எழாது என்கிறார் எனிஸ் டாக்டர். அவர் அப்பா எந்த நடனத்திலும் காலை மாற்றி வைத்தவர், மகனுக்கு என்ன தெரியும்! ஆனால் காற்றுப்பையை அக்குளில் அமுக்குவதும் அந்தக் கைதான், மேல் துளைகளை மூடுவதும் அந்தக் கைதான். வாசிக்க முடியாவிட்டால் கேட்கவாவது கேட்போம் என்று, பத்து வருடம் கழித்து அந்தத் தட்டைச் சுழலவிட்டேன்.

பக்கத்து வீட்டு பேக்கி டால்ட்டியும் போஸ்ட் ஆபீஸ் டிம்ப்னாவும் அடுப்போரம் இருந்தார்கள். “மர்ட்டி, நிஜத்துல உன் குழல் இப்படிக் கீச்சுன்னு கத்தாதுப்பா. வாலை மிதிச்ச பூனையாட்டம் இருக்கு” என்றான் பேக்கி. “முப்பத்தஞ்சு வருஷமா அது அப்படித்தான் கத்துது. உனக்கு இப்பத்தான் காது முளைச்சுதா?” என்றாள் டிம்ப்னா.

சண்டையைத் தீர்க்கக் குழலை வெளியே எடுத்தோம். பைக்குக் காற்று கொடுக்கும் துருத்தியை பேக்கி அமுக்கினான். டிம்ப்னா என்னை ஒட்டி உட்கார்ந்து, பையைத் தன் அக்குளில் இடுக்கி, மேல் துளைகளை மூடினாள். கீழ்த் துளைகள் என் வலது கைக்கு.

“கல்யாணம் பண்ணிக்கணும்னா நேராக் கேளுய்யா, குழலைச் சாக்கு வைக்காதே” என்றாள்.

“நீ பையை விடாமப் புடி. தவக்காலத்துல கல்யாணம் கிடையாது. அது முடியட்டும், பேசலாம்” என்றேன்.

மூன்று பேர் சேர்ந்து ஒரே ஒரு சுரம் எழுப்பினோம், குழலின் அடிச் சுரம். தட்டில் பாட்டு முடிவதும் அதே சுரத்தில்தான். ஆனால் தட்டு முழுசாக ஒரு கட்டை மேலே நின்றது! அதே குழல், அதே துளைகள். அன்றைக்கு டப்ளினில் பதிவு செய்த இயந்திரம் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. அதனால் உலகத்து கிராமபோன்களில் எல்லாம் நான் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருக்கிறேன்.

பேக்கி தட்டின் விளிம்பில் விரலை வைத்து மெல்ல அழுத்தினான். இரண்டு சுரமும் ஒன்றான இடத்தில் விரலை அப்படியே நிறுத்தி, முதலிலிருந்து போட்டோம். தட்டில் தாள் துண்டு ஒட்டி, கடிகாரத்தைப் பார்த்துச் சுற்றுகளை எண்ணினோம். நிமிடத்துக்கு எழுபது சுற்று. எல்லா கிராமபோனும் சுற்றுகிற எழுபத்தெட்டு இல்லை. இரண்டாம் பகுதியில் நான் சுண்டிவிடும் பொடிச் சுரங்களை இதுவரை யாருமே கேட்டதில்லை, நான் உட்பட. இதில் பொய் கலக்கவில்லை, சத்தியம்.

ஹெஹிர் என்றாலே வேகம், ஜனங்கள் அதைத்தான் வாங்குவார்கள் என்று உன் முதலாளி சொல்வதாக எழுதியிருக்கிறாய். அந்தப் பெருமையில் முப்பத்தைந்து வருடம் குளிர்காய்ந்தவன் நான். இன்றோடு விட்டேன். தட்டைக் கேட்டுக் குழல் பழகும் டப்ளின் பிள்ளைகள் எந்த மனுஷனும் வாசிக்காத ஒன்றைத் துரத்திக்கொண்டு விரல் வீங்க ஓடுகிறார்கள். அதற்கு நான் கையெழுத்துப் போடவா? எழுபதில் சுற்றினால் கையெழுத்து, எழுபத்தெட்டில் சுற்றினால் காகிதம் அடுப்புக்கு என்று அவரிடம் சொல். கிழவன் மந்தம் என்று அமெரிக்கா முழுக்கச் சிரிக்கட்டும். எனக்கென்ன!

மகளே, நானே உட்கார்ந்து வாசித்துக் காட்ட முடிந்தால் உன்னை இவ்வளவு படுத்த மாட்டேன். அங்கே பழைய தட்டைச் சுழலவிட்டுப் புதுத் தட்டில் ஏற்றும்போது வேகச் சக்கரத்தைத் திருப்புவது உன் கை. அந்தக் கையைக் கடவுள் நடுங்காமல் வைத்திருக்கட்டும்.

உன் சித்தப்பா,
மர்ட்டி